ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ

"சேர்வரைப் பெரிசாக்குவம்." இந்த இரண்டு சொல்லையும் கேட்டால் எனக்கு இப்ப பத்திக்கொண்டு வருது. எங்கட பக்கத்தில சொஃப்ட்வெயார் எழுதிற சின்னக் கொம்பனிகளில எது மெதுவானாலும் முதல் வாற மருந்து இதுதான். ஏன் மெதுவாகுது எண்டு கேட்கிற ஆள் ஒருத்தரும் இல்லை. காய்ச்சல் எண்டு போனால் கட்டிலை மாத்திக் குடுக்கிற வைத்தியம் மாதிரி.

நானும் அந்தக் கட்டிலை மாத்தின ஆள்தான். அதால எனக்குக் கதைக்க உரிமை இருக்கு எண்டு நினைக்கிறன்.

கொஞ்ச வருஷத்துக்கு முதல், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரவு பஸ் சீற் புக்கிங்குக்கு ஒரு ஏபிஐ எழுதினம். கொழும்பில பின்னேரம் வெளிக்கிட்டு விடிய யாழ்ப்பாணத்தில இறக்கிற பஸ்கள் உங்களுக்குத் தெரியும்தானே, அதுகளுக்கு. திகதியைக் குடுத்தால் அண்டைக்கு ஓடுற பஸ்கள், ஆற்ற பஸ், எங்க எங்க ஏறலாம், எத்தினை சீற் மிச்சம் எண்டு ஒரு பக்கம் வரும். அவ்வளவுதான் வேலை. லப்டொப்பில ரெஸ்ட் பண்ணேக்க மூன்று பஸ்ஸைப் போட்டுப் பாத்தம். கண் மூடித் திறக்க முதல் வந்துது. நல்ல பெடியள் எண்டு பேர் எடுத்தம்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை. ஒரு நாளைக்கு 30 பஸ். பக்கம் திறக்க 5 செக்கன். கொஞ்ச நேரத்தில 5 செக்கனும் இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம். போன் அடிக்கத் தொடங்கிச்சு. ஒரு அம்மா மூன்று தரம் எடுத்தவ. மகள் கொழும்பில படிக்கிறா, பொங்கலுக்கு வர வேணும், "தம்பி, சீற் இருக்கோ இல்லையோ எண்டாவது சொல்லுங்கோவன்." எனக்கு அதைச் சொல்லத் தெரியேல்ல. பக்கம் எனக்கும் திறக்கேல்ல.

கொம்பனி அண்ணை சேர்வரைப் பெரிசாக்கச் சொன்னார். ஆக்கினம். மாதப் பில் இரட்டிப்பாச்சு. 5 செக்கன் 4.8 செக்கனாச்சு. நான் சிரிக்கிறதுக்கு இதை எழுதேல்ல.

மூன்றாம் நாள், கொழும்பில வேற இடத்தில வேலை செய்யிற ஒரு அக்காவுக்குப் போன் எடுத்தன். அவ கேட்ட முதல் கேள்வி: "குவெரி லொக்கைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"இல்லை அக்கா."

"அப்ப எதை நம்பிச் சேர்வரைப் பெரிசாக்கினனீங்கள்?"

லொக்கைப் போட்டம். ஒரு பக்கம் ஒருக்காத் திறக்க 121 குவெரி. (உயர்தரத்தில ஐசிடி படிச்ச ஆக்கள் இதை 'வினவல்' எண்டு படிச்சிருப்பியள். நல்ல சொல்தான், ஆனால் வேலைத்தளத்தில ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்ல எண்டதால நானும் குவெரி எண்டே எழுதிறன்.)

121 எப்பிடி வந்தது? அண்டைய பயணங்களின்ர பட்டியலை எடுக்க 1. பிறகு லூப். ஒவ்வொரு பயணத்துக்கும் அதின்ர பஸ்ஸை எடுக்க 1, பஸ்காரரை எடுக்க 1, ஏறுற இடங்களுக்கு 1, புக் பண்ணின சீற்றுகளுக்கு 1. பயணம் 30, தலா 4, மொத்தம் 120. முதலாவதையும் சேர்த்தால் 121. இதைத்தான் 'என் பிளஸ் 1' பிரச்சினை எண்டு சொல்லுவினம். ரெஸ்டில மூன்று பஸ் இருந்தபடியால் 13 குவெரி. டேட்டாபேசும் அதே லப்டொப்பில. ஒண்டும் தெரியாது. தெரியிறதுக்கு வழியே இல்லை.

எங்கட கோட்டில 121 எண்ட இலக்கம் எங்கயும் எழுதியிருக்கேல்ல. அதுதான் இதில உள்ள நாசம். ஓஆர்எம் பாவிக்கிற ஆக்கள் எழுதிறது: பயணம், புள்ளி, பஸ், புள்ளி, உரிமையாளர், புள்ளி, பெயர். பாக்க ஒரு ஒப்ஜெக்டுக்குள்ள கை விட்டு எடுக்கிற மாதிரி இருக்கும். உண்மையில அந்தப் புள்ளிகளில இரண்டுக்குப் பின்னால ஒவ்வொரு பயணம் இருக்கு. கோட் இங்கயிருந்து வெளிக்கிட்டு, நெட்வேர்க்கால போய், டேட்டாபேசின்ர கதவைத் தட்டி, ஒரு வரியை வாங்கிக்கொண்டு திரும்பி வருது. எங்கட டேட்டாபேஸ் சிங்கப்பூரில. ஏபிஐ ஓடுற சேர்வர் கொழும்பில, "லோக்கல் எண்டால் வேகம்" எண்டு யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்தது. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையில ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். போய்வர ஒளிக்கே 27 மில்லிசெக்கன் வேணும். கேபிள் நேர்கோட்டில போறேல்ல, இடையில ரவுட்டர்கள். நாங்கள் அளந்தது 40. 121ஐ 40 ஆல பெருக்கிப் பாருங்கோ, 4.8 செக்கன். பெரிய சேர்வர் ஏன் உதவேல்ல எண்டது விளங்குதோ? காசு குடுத்து ஒளியை வேகமாக்க ஏலாது.

அந்த நேரம் முழுக்க எங்கட சேர்வரின்ர சிபியூ 6 வீதத்தில நிண்டது. அது வேலை செய்யேல்ல. வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தது.

வெள்ளைப் பக்கம் ஏன் வந்தது எண்டதுக்கும் கணக்கு இருக்கு. டேட்டாபேஸ் கனெக்ஷன்களை ஒரு பூலில வைச்சுத்தான் பாவிக்கிறது. ஜாவாவில ஹிகாரி எண்டாலும் சரி, நோடில போஸ்ட்கிரெஸ் பூல் எண்டாலும் சரி, நீங்கள் மாத்தாட்டி அளவு 10 தான். எங்கடயும் 10. ஒரு ரிக்குவெஸ்ட் முடியிற வரைக்கும் எங்கட ஓஆர்எம் ஒரு கனெக்ஷனை விடாமல் பிடிச்சு வைச்சிருந்தது. அப்ப 10 கனெக்ஷன், தலா 5 செக்கன்: செக்கனுக்கு 2 பக்கம். மூன்றாவது ஆள் வரிசையில. பொங்கல் கிழமையில செக்கனுக்கு இரண்டு பேர்தானோ வருவினம்? வரிசை வளர்ந்துகொண்டே போகும், பிறகு எல்லாருக்கும் நேரம் முடிஞ்சு வெள்ளைப் பக்கம்.

திருத்தினது ஒரு பின்னேர வேலை. உங்களை அம்மா கடைக்கு அனுப்பேக்க என்ன செய்வா? வெங்காயம் வாங்கிக்கொண்டு வா எண்டு அனுப்பி, நீங்கள் சைக்கிளால இறங்க, இப்ப பருப்பு வாங்கிக்கொண்டு வா எண்டு திருப்பி அனுப்புவாவோ? ஒரு துண்டில எழுதித் தருவா. அதேதான். பயணம் 30 ஐயும் எடுத்த பிறகு, அதுகளில உள்ள பஸ் இலக்கங்களை எல்லாம் பொறுக்கி, இரட்டிச்சதை நீக்கி, "இந்த இலக்கங்களில உள்ள பஸ்களைத் தா" எண்டு ஒரேயொரு குவெரி. வந்த வரிகளை இலக்கத்தைச் சாவியாக வைச்சு ஒரு மப்பில போட்டு, அந்தந்தப் பயணத்தோட ஒட்டிவிட வேண்டியதுதான். பஸ்காரருக்கு ஒண்டு, ஏறுற இடத்துக்கு ஒண்டு, சீற்றுக்கு ஒண்டு. மொத்தம் 5. அஞ்சு நாப்பது 200 மில்லிசெக்கன். அதே 10 கனெக்ஷனில இப்ப செக்கனுக்கு 50 பக்கம். பஸ் 30 இல்லை 300 ஆனாலும் குவெரி 5 தான்.

பழைய சின்னச் சேர்வருக்கே திரும்பிப் போனம். ஆனால் பொங்கல் முடிஞ்சு போச்சு.

இது ஒண்டும் புது வித்தை இல்லை. ஐபிஎம்மில இருந்த எட்கர் கொட் 1970 இல தொடர்புசார் தரவுத்தளத்தின்ர அடிப்படையை எழுதேக்கயே அது தொகுதிகளைப் பற்றின கணக்கு. தொகுதியாகக் கேள், தொகுதியாகத் தருவன் எண்டதுக்காகவே கட்டின பொருள். அதிட்டப் போய் ஒவ்வொரு வரியாகக் கேட்கிறது, லொறியைப் பிடிச்சு அதில ஒரு வெங்காயம் ஏத்தின மாதிரி.

இதைச் சொன்னால் எதிர்க்கதைகள் வரும். எனக்கு எல்லாம் பாடம்.

முதல் கதை: "ஹார்ட்வெயார் மலிவு மச்சான், புரோகிராமற்ற நேரம்தான் விலை." இது எங்கயோ ஒரு நாட்டில, சம்பளமும் டொலர், சேர்வரும் டொலர் எண்டு இருக்கிற ஆக்கள் சொன்னது. அவையளுக்குச் சரியாக இருக்கலாம். எங்களுக்குச் சம்பளம் ரூபாய், கிளவுட் பில் டொலர். 2022 தொடக்கத்தில 200 ரூபாயளவில நிண்ட டொலர், அந்த வருஷம் மே மாதம் 360 ரூபாயளவுக்குப் போனதை நாங்கள் எல்லாரும் லைனில நிண்டபடி பாத்தனாங்கள். அந்தக் காலத்தில ஒரு வரி கோட்டும் மாத்தாமலே கொம்பனிகளின்ர சேர்வர் பில் ஏறத்தாழ இரட்டிப்பாச்சு. எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் ஒரு பின்னேரம் இருந்து லொக்கைப் பாக்கிறதுக்குக் குடுக்கிற காசையும், தேவையில்லாமல் பெரிசாக்கின சேர்வருக்கு வருஷம் முழுக்கக் கட்டுற டொலரையும் பக்கத்தில பக்கத்தில எழுதிப் பாருங்கோ. அந்த அறிவுரை இஞ்ச தலைகீழ். ஆனால் வெள்ளைக்காரன் சொன்னது எண்டால் அப்பிடியே விழுங்கிறம்.

இரண்டாவது: "காலத்துக்கு முந்தின ஒப்டிமைசேஷன் கூடாது எண்டு க்னூத்தே சொல்லியிருக்கிறார்." டொனல்ட் க்னூத் 1974 இல எழுதின கட்டுரை அது. 97 வீதமான நேரம் சின்னச் சின்ன வேகத்தை மறக்கச் சொன்ன அதே மனுசன், உடனயே அடுத்தாக, மிச்ச 3 வீதத்தைத் தவற விடாதேங்கோ எண்டும் சொல்லியிருக்கிறார். எங்கட ஆக்கள் முதல் பாதியை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டி வைச்சிருக்கினம். 121 குவெரியை 5 ஆக்கிறது சின்ன வேகமோ?

மூன்றாவது: "ரெடிஸ் போடு, கேஷ் பண்ணு." இதுதான் எனக்கு எல்லாத்திலயும் கோவம் வாற பதில், ஏனெண்டால் கேட்க அறிவாளித்தனமாக இருக்கும். கேஷில இல்லாத முதல் ஆளுக்கு அதே 121. கேஷ் காலாவதியாகிற செக்கனில ஒரே நேரத்தில வந்த 40 பேருக்கும் அதே 121, 40 தரம். அதைவிட, எதைக் கேஷ் பண்ணப் போறியள்? மிச்சச் சீற்றையோ? ஒரு நிமிஷப் பழைய பக்கத்தைப் பாத்து இரண்டு பேர் 17 ஆம் நம்பருக்கு அடிபடட்டும் எண்டோ? பஸ்காரரின்ர பேரைக் கேஷ் பண்ணுங்கோ, நல்லது. ஆனால் அதுக்கு முதல் அதை 30 தரம் கேட்கிறதை நிப்பாட்டுங்கோ.

நாலாவது, நோட் எழுதிற ஆக்களின்ர கதை: "எல்லாத்தையும் புரொமிஸ் டொட் ஓலுக்குள்ள போட்டால் ஒரே நேரத்தில ஓடும்." ஓடாது. பூலில 10 கனெக்ஷன். 120 குவெரியை ஒரேயடியாக அவிழ்த்து விட்டால் பத்துப் பத்தாக 12 அலையாகப் போகும். உங்கட ஒரு ரிக்குவெஸ்ட் பூல் முழுதையும் விழுங்கிப்போட்டு இருக்க, பக்கத்தில வேற ஆள் லொகின் பண்ண ஏலாமல் நிப்பார். கடைக்கு ஒரு பெடியனை 120 தரம் அனுப்பிறதுக்குப் பதிலாக 120 பெடியளை ஒரே நேரத்தில அனுப்பிறது துண்டு எழுதினதாகாது. முதலாளிக்குத் தலை சுத்தும், அவ்வளவுதான்.

அடுத்தது எதிர்ப்பக்கத்து ஆள். "எல்லாத்தையும் ஒரே ஜொயினில எடுக்கலாமே?" இவரோட எனக்குக் கோவம் இல்லை, எஸ்கியூஎல் தெரிஞ்ச ஆள். பயணத்தோட பஸ்ஸையும் பஸ்காரரையும் ஜொயின் பண்ணலாம், பயணத்துக்கு ஒரு பஸ்தானே. ஆனால் ஏறுற இடம் ஒரு பயணத்துக்கு 6, சீற் 40 எண்டு வையுங்கோ. இரண்டையும் ஒரே குவெரியில ஜொயின் பண்ணினால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு சீற்றோடயும் சோடி சேரும். முப்பது தர ஆறு தர நாப்பது, 7,200 வரி. தனித்தனியாக எடுத்தால் 30, 180, 1,200, மொத்தம் 1,410. மிச்சமெல்லாம் திருப்பித் திருப்பி வந்த அதே விஷயம். இதோட பக்கம் பிரிக்கிறதுக்கு லிமிட் 30 எண்டு போட்டுப் பாருங்கோ: வாறது 30 பயணம் இல்லை, 30 வரி, அதாவது முதல் பஸ்ஸிலயே எட்டில ஒரு பங்குதான். ஹைபர்னேட் இந்த இடத்தில எல்லாத்தையும் மெமரிக்குள்ள இழுத்துப்போட்டு அங்க வைச்சு வெட்டும். ஒரு எச்சரிக்கை வரியை லொக்கில எழுதிப்போட்டுத்தான் செய்யும், ஆனால் லொக் பாக்கிற ஆள் எங்க?

துண்டு எழுதிறதிலயும் பிழை விடலாம். நான் விட்டனான், ஒளிக்க ஒண்டும் இல்லை. பேஸ்புக்கில 2010 இல நிக் ஷ்ரொக் எழுதின லோடர் எண்டதைப் பின்பற்றி, 2015 இல ஜாவாஸ்கிரிப்டில டேட்டாலோடர் எண்டு வெளிவிட்டவை. கிராஃப்கியூஎல் பாவிக்கிற ஆக்களுக்கு அது சாப்பாடு மாதிரி. கோட்டின்ர பல மூலையிலயிருந்து "எனக்கு 7 வேணும்", "எனக்கு 12 வேணும்" எண்டு தனித்தனியாகக் கேட்க விட்டு, ஈவென்ட் லூப்பின்ர ஒரு சுத்துக்குள்ள வந்ததை எல்லாம் சேர்த்து உங்கட ஃபங்ஷனிட்ட ஒரே பட்டியலாகத் தரும். அதுக்கு இரண்டு நிபந்தனை. ஒண்டு, கேட்ட ஒழுங்கிலயே, கேட்ட எண்ணிக்கையிலயே பதிலைத் திருப்பிக் குடுக்க வேணும். டேட்டாபேஸ் அந்த ஒழுங்கில தராது, அது தன்ர பாட்டுக்குத் தரும். இல்லாததைத் தரவே தராது. நான் வந்ததை அப்பிடியே திருப்பி அனுப்பினன். ஒரு பஸ்ஸின்ர பக்கத்தில இன்னொரு பஸ்காரரின்ர போன் நம்பர். இரவு ஒன்பது மணிக்கு வவுனியாவில நிண்ட ஒருத்தர், சம்பந்தமே இல்லாத ஒரு டிரைவருக்கு எடுத்து "எங்க நிக்கிறியள்" எண்டு கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். வேகமான பிழை மெதுவான சரியை விட மோசம் எண்டு அண்டைக்கு விளங்கிச்சு. இரண்டாவது நிபந்தனை, லோடரை ஒவ்வொரு ரிக்குவெஸ்டுக்கும் புதுசாக ஆக்க வேணும். அது எடுத்ததை ஞாபகம் வைச்சிருக்கும். ஒண்டை ஆக்கி எல்லாருக்கும் பாவிச்சால், அனுமதி உள்ள ஆளுக்கு எடுத்த தகவல் அனுமதி இல்லாத ஆளுக்கும் போகும்.

இன்னொரு குழி. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கடைசி மூன்று விமர்சனம் காட்ட வேணும் எண்டு வைப்பம். 30 இலக்கத்தையும் குடுத்து லிமிட் 3 எண்டால் மொத்தமாக மூன்றுதான் வரும். பஸ்ஸுக்கு மூன்று எண்டால் ரோ நம்பர் எண்ட விண்டோ ஃபங்ஷனால பஸ் வாரியாக எண்ணிட்டு 3 வரைக்கும் எடுக்க வேணும், அல்லது போஸ்ட்கிரெஸில லாற்றரல் ஜொயின். துண்டு நீளமானாலும் கரைச்சல்: எஸ்கியூஎல் சேர்வர் ஒரு குவெரிக்கு 2,100 பராமீற்றருக்கு மேல எடுக்காது, போஸ்ட்கிரெஸ் 65,535 இல நிக்கும். ஆயிரம் ஆயிரமாக வெட்டி அனுப்புங்கோ. போஸ்ட்கிரெஸில முழுப் பட்டியலையும் ஒரு அரேயாக ஒரே பராமீற்றரில அனுப்பவும் ஏலும்.

இதே பிழையை போன் பக்கமும் செய்யிறம். பட்டியலை எடுத்திட்டு, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அப்ளிகேஷன் திரும்ப ஏபிஐயைக் கூப்பிடுறது. இங்க பயணம் டேட்டாசென்டருக்குள்ள இல்லை, கிளிநொச்சியில ஓடுற பஸ்ஸுக்குள்ள இருக்கிற ஒருத்தரின்ர சிக்னல் இரண்டு கோட்டுப் போனுக்கும் சேர்வருக்கும் இடையில. இலக்கங்களைக் கூட்டாகக் குடுத்துக் கேட்கிற ஒரு வழியை ஏபிஐயில வையுங்கோ. எத்தினை இலக்கம் வரைக்கும் எண்டு ஒரு எல்லையும் வையுங்கோ, இல்லாட்டி யாரோ ஒரு நாள் 50,000 இலக்கத்தை அனுப்புவினம்.

எல்லா இடத்திலயும் இதுக்குச் சண்டை பிடிக்கச் சொல்லேல்ல. எஸ்கியூலைட் எண்டால் டேட்டாபேஸ் உங்கட புரோகிராமுக்குள்ளயே இருக்கு, போய்வர வழியே இல்லை. ஒரு பக்கத்துக்கு 200 குவெரி எண்டாலும் பிரச்சினை இல்லை எண்டு அவையளின்ர ஆவணத்திலயே எழுதி வைச்சிருக்கினம். கணக்காளர் மாதம் ஒருக்காத் திறக்கிற பக்கம் 3 செக்கன் எடுத்தால் எடுக்கட்டும், தேத்தண்ணி குடிப்பார். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில திறக்கிற பக்கத்தைப் பற்றித்தான் கதைக்கிறன்.

எனக்குக் கோவம் ஓஆர்எம்மோடயும் இல்லை. அதுகள் கருவியைத் தந்துதான் இருக்கு. ஜாங்கோவில பிரீஃபெச் ரிலேட்டட், ரெயில்ஸில இன்குளூட்ஸ், லாராவெலில வித். ரெயில்ஸ் 6.1 இல ஸ்ட்ரிக்ட் லோடிங்கைப் போட்டால், லாராவெலில சோம்பேறி லோடிங்கைத் தடை பண்ணிற ஒரு வரியைப் போட்டால், லூப்புக்குள்ள களவாகக் குவெரி போன உடன எரர் அடிக்கும். ஜாங்கோவில எத்தினை குவெரி எண்டு எண்ணிற ரெஸ்ட் எழுதலாம்: 3 பஸ் போட்டு எண்ணு, 30 பஸ் போட்டு எண்ணு, இரண்டும் ஒரே இலக்கமாக இருக்க வேணும். பத்து நிமிஷ வேலை.

கோவம் படிப்பிக்கிற விதத்தோட. பன்னிரண்டு கிழமையில முழு டெவலப்பர் எண்டு நோட்டீஸ் ஒட்டுற வகுப்புகளில மொடலை எப்பிடி எழுதிறது எண்டு காட்டுவினம், அந்தப் புள்ளிக்குப் பின்னால என்ன நடக்குது எண்டு காட்டமாட்டினம். இன்டர்வியூவுக்குப் போனால் லிங்க்ட் லிஸ்டைத் திருப்பச் சொல்லிக் கேட்பினம். ஒரு பக்கத்தைக் காட்டி "இது எத்தினை குவெரி ஓடும், சொல்லு பாப்பம்" எண்டு கேட்ட ஒரு கொம்பனியை நான் இன்னும் காணேல்ல. கேட்டிருந்தால் நான் பெயில். மூன்று வருஷம் டேட்டாபேசோட வேலை செய்தும் லொக்கைத் திறக்காமல் இருந்த ஆள் நான்.

போன கிழமை ஒரு சிநேகிதன் எழுதினவன். அவையள் செய்யிற கிளினிக் நம்பர் எடுக்கிற அப் காலமையில தொங்குதாம், சேர்வரைப் பெரிசாக்க மேலிடம் ஓம் எண்டிட்டுதாம், எந்த அளவு எடுக்கலாம் எண்டு கேட்டவன். குவெரி லொக்கைப் போட்டு, ஒருக்காப் பக்கத்தைத் திறந்து, எத்தினை வரி எண்டு மட்டும் எண்ணி அனுப்பு எண்டன். பின்னேரம் ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்துது. 214. கீழ ஒரு வரி: "மச்சான், எல்லா வரியும் ஒரே மாதிரிக் கிடக்கு, கடைசி நம்பர் மட்டும்தான் மாறுது."